பஞ்சு தூங்கும் சத்தம்

தேநீர் இதமாக இருக்கிறது. கேட்காமலே சூடாகக் கொண்டுவந்து வைத்தீர்களே, அதற்கு நன்றி. நான் குரலை வைத்துப் பிழைத்தவள். இந்த வயது வரைக்கும் ஐஸ் போட்ட எதையும் நாக்கில் வைத்ததில்லை. குரல் போய்ப் பல வருடமாகிறது, பழக்கம் மட்டும் என்னைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் மேடம். ஆனால் நடந்த வரிசையிலேயே சொல்ல விடுங்கள். நீங்கள் கேட்கிற வரிசையில் பதில் சொன்னால் நான் ஏதோ ஈவிரக்கம் இல்லாதவள் போலத் தெரியும்.

நான் டப்பிங் பேசுகிறவள். படத்தில், விளம்பரத்தில், கார்ட்டூனில் ஒரு சின்னக் குழந்தை வாய் திறந்தால் ஒரு காலத்தில் பெரும்பாலும் அது என் குரல்தான். திரையில் சுருட்டை முடிப் பையன் "அம்மா, பயமா இருக்கும்மா" என்பான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியும் நரைமுடியுமாக நான் நின்று சொல்லியிருப்பேன். பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் தன் பிள்ளைக்கு என் குரலைப் போட்டுக் காட்டிச் சோறு ஊட்டுவாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். என் முகத்தை யாரும் அள்ளிக் கொஞ்சியதில்லை. என் குரலைக் கொஞ்சாதவர்கள் இல்லை.

அதனால் கொஞ்சல் என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அழகு வேறு, செல்லம் வேறு. அழகானதைப் பார்த்தால் ஓர் அடி தள்ளி நின்று பார்க்கத் தோன்றும். செல்லமானதைப் பார்த்தால் கை தானாக நீளும். குழந்தை ஒரு சொல்லைச் சரியாகச் சொன்னால் 'கெட்டிக்காரி' என்று தலையைத் தட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். அதையே தப்பாகச் சொன்னால் வாரி எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறோம். சின்னதாக, உருண்டையாக, தள்ளாடிக்கொண்டு, தானாக எதுவும் செய்துகொள்ளத் தெரியாமல் இருக்க வேண்டும். அந்தத் தெரியாமைதான் உயிர். இன்னொன்று. ரொம்பப் பிடித்துப்போனால் நாம் பல்லைக் கடிக்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? 'அப்படியே கடிச்சுத் தின்னுடலாம் போல இருக்கு' என்கிறோம். கன்னத்தை வலிக்கிற மாதிரி கிள்ளுகிறோம். அது உதட்டைப் பிதுக்கினால், அழும்போதுகூட எவ்வளவு நல்லா இருக்கு பார் என்கிறோம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஒரு நாள் சவுண்டுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பட்டனை அழுத்தி, "அக்கா, இன்னிக்கு என்னமோ குழந்தைக்கு வயசாகிப் போச்சே. வெந்நீர் குடிச்சிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வெந்நீர் குடித்தேன், மிளகு மென்றேன், ஒரு வாரம் வாயே திறக்காமல் இருந்தும் பார்த்தேன். போனது போனதுதான். அப்புறம் மாமியார் குரலுக்கும் ரயில் அறிவிப்புக்கும் கூப்பிட்டார்கள். போய்ப் பேசினேன். அதைக் கேட்டு யாரும் எந்தக் குழந்தைக்கும் சோறு ஊட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி தன் மகள் சிட்டுவைக் கொண்டுவந்து விட்டான். அவன் சரக்குக் கப்பலில் இன்ஜின் பார்ப்பவன். மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். நான்கு வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். "ஒரு வருஷம் பாத்துக்கோக்கா. அடுத்த தடவை இறங்கும்போது கரையிலயே ஒரு வேலை தேடிக்கிறேன்." கப்பல்காரன் சொல்லும் வருஷத்தை நம்பக்கூடாது என்று அப்போதே எனக்குத் தெரியும். அவன் பெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவப் போனான். குழந்தை என் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டது:

"அத்தே, இங்க வேய யாயும் இல்லியா?"

'வேற யாரும் இல்லியா' என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு ர வராது, ற வராது, எல்லாம் ய. அது பரவாயில்லை, பல குழந்தைகளுக்கு அப்படித்தான். இரண்டு சொல் பேசி முடித்ததும் ஒரு மூச்சு இழுத்தாள் பாருங்கள். தொண்டையில் ஏதோ சின்னக் கதவு மாட்டிக்கொண்டு திறந்த மாதிரி, விக்கலும் இல்லாமல் பெருமூச்சும் இல்லாமல் ஒன்று. நான் முப்பது வருடம் அந்த மூச்சைத் தேடியிருக்கிறேன். என் தொண்டையில் அது ஒரு தடவைகூட வந்ததில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி வந்து, "என்னக்கா, தலை சுத்துதா?" என்று கேட்டான்.

வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனேன். அவ்வளவுதான் நான் செய்தது. மூலையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டு சவுண்டுக்காரரிடம், "மாமா, இந்த சிவப்பு வெளக்கு எதுக்கு எயியுது?" என்று கேட்டாள். இயக்குநர் நாற்காலியோடு திரும்பினார். செம்மறி ஆட்டுக்குட்டி ஒன்றின் கதையைக் கார்ட்டூன் தொடராக எடுத்துக்கொண்டிருந்தார். அதற்குக் குரல் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். பஞ்சு என்று அந்தக் குட்டிக்குப் பெயர். அன்று சாயங்காலமே சிட்டு பஞ்சுவாகிவிட்டாள்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் பக்கத்தில் முட்டி போட்டு வரி வரியாகக் காதில் சொல்வேன், அவள் மைக்கில் சொல்வாள். "சிவப்பு விளக்கு எரிஞ்சா என்ன பண்ணணும்?" என்று கேட்டால் பதிவு ஓடுகிறது, சத்தம் போடக்கூடாது என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டுவாள். பெரியவர்கள் இருமிக் கெடுத்த டேக் எத்தனையோ உண்டு. அவள் கெடுத்ததே இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் வாழும் ஊரில்தான் நானும் இருக்கிறேன். பஞ்சு தொப்பி, பஞ்சு பை, கடைசியில் வயிற்றை அழுத்தினால் பேசுகிற பஞ்சு பொம்மை. 'நான் உன் கூடவே வயேன்' என்று அது சொல்லும். கடைக்காரர்கள், பேருந்து நடத்துநர்கள்கூடக் கொஞ்ச நாள் 'வரேன்' என்பதற்கு 'வயேன்' என்றுதான் சொன்னார்கள். நேற்று இந்த மேசையில் அந்தப் பொம்மையை வைத்து அழுத்தினீர்களே மேடம், அப்போது உங்கள் உதடு லேசாக விரிந்தது. உடனே அடக்கிக்கொண்டீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. செத்த குழந்தையின் குரல் என்று தெரிந்தும் சிரிப்பு வருகிறதென்றால், தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

குழந்தைகளிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. வளர்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளைத் தனியாக நிறுத்தி, நாக்கை மேலே மடிக்கச் சொல்லி, 'ர, ரா, ரி' என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். நல்ல எண்ணம்தான். ரெக்கார்டிங் இருக்கிறது என்று நான் பள்ளியை நிறுத்திவிட்டேன். வீட்டிலேயே பாடம் சொல்லித்தருவதாக எழுதிக் கொடுத்தேன். சொல்லியும் தந்தேன், கூட்டல் கழித்தல் எல்லாம். வாய்விட்டு வாசிக்கிற பாடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

நான் அவளை அடித்ததில்லை. ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவள் திருத்தமாகப் பேசினால் எனக்குக் காது கேட்காது, அவ்வளவுதான். "அத்தே, சோறு வேணும்" என்பாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். "அத்தே, சோறு." குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கதவருகே நின்று பார்ப்பாள். அப்புறம், "அத்தே, சோயு வேணும்" என்பாள். "அடடா, என் தங்கத்துக்குப் பசிக்குதா?" என்று ஓடிவந்து தட்டு வைப்பேன். சூட்டிகையான பிள்ளை, சீக்கிரமே புரிந்துகொண்டாள்.

துணி காயப்போடுகிற பின்பால்கனியில் ஒரு நாள் அவள் தனியாக நிற்கும்போது, உள்ளிருந்து கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மரம். ரயில். ராத்திரி. அப்பா வருவாரு. அப்பா சீக்கிரம் வருவாரு." ஒவ்வொரு ர-வும் கல்லில் வெட்டின மாதிரி விழுந்தது. வீட்டுக்குள் யாரோ அந்நியர் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கே அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். கம்பி தாழ்வாக இருக்கிறது, குழந்தை எட்டிப் பார்த்து விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது?

திரும்பி வந்தவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அத்தே, நா உன் செல்லந்தானே? என்னைப் பிடிக்கும்தானே?" என்று கேட்டாள். அதே மழலை, அதே மூச்சு. தமிழில் கொஞ்சலுக்கும் கெஞ்சலுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். எனக்கு முதல் சொல்தான் கேட்டது. நான் டப்பிங்காரி, காதை நம்பிப் பிழைத்தவள், அதனால் அப்படிச் சொல்கிறேன்.

எட்டு வயதிலும் அவளுக்கு ஐந்து வயதுச் சட்டை சரியாக இருந்தது. "வளரவே மாட்டேங்கிறாளே, எவ்ளோ செல்லமா இருக்கா!" என்று ஸ்டுடியோவில் எல்லோரும் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பகலிலேயே உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுவாள். தலை முன்னால் சாய்ந்து சாய்ந்து நிமிரும். அதையும் போனில் படமெடுத்துப் போட்டார்கள். பார்த்தவர்கள் எல்லாம் உருகினார்கள்.

ஒரு தடவை இருமல் விடவில்லை என்று காது மூக்குத் தொண்டை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மாதான் உங்களிடம் புகார் கொடுத்தவர். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிட்டுவை வெளியே நர்ஸிடம் அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்:

"தொண்டைச் சதை ரெண்டு பக்கமும் பெருத்து நடுவுல ஒட்டிக்கிட்டு இருக்கு. தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருது இல்ல? அதனாலதான்மா பிள்ளை வளரல. ராத்திரி பூரா மூச்சுக்குப் போராடுது, எப்படி வளரும்? இதயத்துக்கும் பாரம். சின்ன ஆபரேஷன்தான், எடுத்துட்டா சரியாயிடும்."

"குரல் மாறுமா டாக்டர்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அடைச்ச குரல் திறந்துடும். வயசுக்கேத்த மாதிரி தெளிவாப் பேசுவா. நல்லதுதானே?"

தெளிவாக. அந்தச் சொல்லை வீடு வருகிறவரை மென்றுகொண்டே வந்தேன். டாக்டரம்மா இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். காய்ச்சல் வந்தால் சதை இன்னும் வீங்கும், ஒரு நிமிஷம் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். தூக்கம் வருகிற இருமல் மருந்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள் என்றார். சரி என்றேன்.

ஆட்டோவில் சிட்டு கேட்டாள்: "அத்தே, ஆப்பயேசன் பண்ணா நா நல்லா பேசுவேனா?"

"நீ இப்பவே நல்லாத்தானே பேசறே கண்ணு."

அவள் அப்புறம் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. தொடர் முடியட்டும் என்றுதான் நினைத்தேன். அது முடிந்ததும் அடுத்த பாகம் வந்தது. தம்பி ஏதோ துறைமுகத்திலிருந்து பேசினான், காற்று இரைச்சலுக்கு நடுவே. அவளிடம் போனைக் கொடுத்தேன். "அப்பா, எப்ப வயே? சீக்கியம் வா" என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னும் மழலை போகலையாக்கா? அப்படியே இருக்கட்டும், நான் வந்து ஆசை தீரக் கேக்கணும்." அப்படியே இருக்கட்டும் என்று சொன்னது பெற்ற தகப்பன். இதை நீங்கள் குறித்துக்கொண்டால் நல்லது.

பொம்மைக் கம்பெனி மேலாளர் புதிதாக ஒன்று செய்ய ஆசைப்பட்டார். அழுத்தினால் பேசுகிற பஞ்சுவைப் படுக்கவைத்தால் அது தூங்க வேண்டும். தூங்கும்போது சின்னதாக மூச்சு விட வேண்டும். "குழந்தைங்க அதைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டுத் தூங்குங்க, யோசிச்சுப் பாருங்கம்மா" என்றார். ஸ்டுடியோவில் சிட்டுவைப் படுக்கச் சொல்லி முயன்றோம். தூங்குவது போல நடிக்கச் சொன்னால் அவள் நடித்தாள். நடிப்பு என்று தெரிந்தது. நிஜமாகத் தூங்கு என்றால் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். சவுண்டுக்காரர், "விடுங்கக்கா, வேற எதையாவது வெச்சு ஒப்பேத்திக்கலாம்" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. ஒப்பேற்றுவதற்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்? சின்ன ரெக்கார்டர் ஒன்றை வீட்டுக்கு வாங்கி வந்தேன்.

ஒரு மத்தியானம் சிட்டுவுக்குக் காய்ச்சல். லேசாகத்தான் இருந்தது. கஞ்சி கொடுத்துப் படுக்கவைத்தேன். அசந்து தூங்கினாள். தலைமாட்டில் ரெக்கார்டரை வைத்தேன். அந்தத் தூக்கத்திலேயே போய்விட்டாள். தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். காய்ச்சல் தலைக்கேறிவிட்டது, பலவீனமான பிள்ளை என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஸ்டுடியோ முழுக்க வந்து நின்றது. இயக்குநர் குழந்தை மாதிரி தேம்பினார். உங்களிடம் முதலில் நான் சொன்னது இதுதான். இதில் பொய் எதுவும் இல்லை.

பதிவை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கடைசியாக விட்டுப்போனது வீணாகக் கூடாது. சவுண்டுக்காரர் ஹெட்போனை மாட்டிக் கேட்டவர், பாதியில் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து, "மூச்சுக்கு நடுவுல ரொம்ப இடைவெளி விழுதேக்கா, சுருக்கிடவா?" என்றார். மேலாளர்தான் வேண்டாம் என்றார். "மூச்சு விட மறந்துபோய் அப்புறம் ஞாபகம் வந்த மாதிரி இருக்கு பாருங்க, அதுதான் செல்லம்" என்றார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவருக்கு எதுவும் தெரியாது. தெரியாதவர்களுக்கு அது செல்லமாகத்தான் கேட்கும்.

தம்பியின் கப்பல் கரை சேர்ந்து அவன் வந்தபோது அடக்கம் முடிந்து பல மாதமாகியிருந்தது. கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். வைத்த சோற்றைத் தொடவில்லை. கடையில் புதிதாக வந்திருந்த பொம்மையைக் கொண்டுவந்து அவன் மடியில் படுக்கவைத்தேன். அது மூச்சு விட்டது. இடைவெளி விட்டது. மறுபடி விட்டது. அவன் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "அவ மூச்சையாவது எனக்கு வெச்சிருந்தியேக்கா" என்றான். அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவன் கப்பலுக்குத் திரும்பும்போது பெட்டியில் அந்தப் பொம்மையும் போனது.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் குறைந்துபோனது. எங்கள் அடுக்குமாடியில் குழந்தை இல்லாத வீடு கிடையாது, பஞ்சு இல்லாத குழந்தை கிடையாது. சுவர் மெலிசு. விளக்கணைத்தால் மேல் வீட்டில் ஒன்று தூங்க ஆரம்பிக்கும், பக்கத்து வீட்டில் ஒன்று. மூச்சு நிற்கிற இடத்தில் நானும் நிறுத்திவிடுவேன், என்னை அறியாமலே. அது விட்டால்தான் நான் விடுவேன். பேட்டரி இறங்கிப்போன பொம்மையென்றால் இடைவெளி நீண்டுகொண்டே போகும். ஒரு தடவை பொறுக்க முடியாமல் எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். "பேட்டரி மாத்துங்கம்மா" என்றேன். அந்தப் பெண் தூக்கக் கலக்கத்தில், "எதுக்கு ஆன்ட்டி?" என்றாள். "பாவம், அதுக்கு மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். உங்களுக்கு எவ்ளோ குழந்தை மனசு ஆன்ட்டி என்றாள்.

பிறகுதான் டாக்டரம்மா விஷயம். அவருடைய கிளினிக்கில் காத்திருந்த ஒரு பையன் நாற்காலியில் பஞ்சுவைப் படுக்கவைத்திருக்கிறான். கதவு திறந்திருக்கிறது. அவர் நோயாளியின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அப்படியே எழுந்து வெளியே வந்து பொம்மையைக் கையில் எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாராம். இந்த மூச்சு எப்படிப்பட்டதென்று படித்தவருக்குத் தெரியாதா? அந்தக் குரல் யாருடையது என்று ஊருக்கே தெரியும். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பையனிடமிருந்து பொம்மையைப் பிடுங்கியிருக்க வேண்டாம், அழுதிருப்பான்.

நீங்கள் கேட்டது முழுப் பதிவைப் பற்றி. பொம்மைக்குள் இருப்பது கொஞ்சம்தான், மீதி எங்கே என்றீர்கள். என் படுக்கையறை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் ரெக்கார்டர் இருக்கிறது. உங்கள் ஆட்கள் எப்படியும் எடுத்துவிடுவார்கள். அதில் என்ன இருக்கிறதென்று நானே சொல்லிவிடுவது மரியாதை.

காய்ச்சல் லேசாக இல்லை. காலையிலேயே உடம்பு கொதித்தது. கழுத்து வீங்கியிருந்தது. கஞ்சியை விழுங்க முடியாமல் வாயோரம் வழியவிட்டாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். உட்கார்ந்திருந்தால் அந்தச் சத்தம் வராது. அதனால் இருமல் மருந்து கொடுத்தேன், தூக்கம் வருகிற மருந்து. டாக்டரம்மா சொன்னது மறந்துபோய்க் கொடுத்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. கசக்கிறதென்று முகத்தைச் சுளித்தாள், சர்க்கரை தொட்டுக் கொடுத்தேன். தலையணையை எடுத்துவிட்டு மல்லாக்கப் படுக்கவைத்தேன். இரைச்சல் பதிவாகுமென்று மின்விசிறியை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். ரெக்கார்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

முதலில் வந்த மூச்சுகளை விவரிக்க எனக்குச் சொல் இல்லை. அவ்வளவு சின்னது, அவ்வளவு முழுசு. என் வாழ்நாளில் நான் கேட்ட மிக அழகான சத்தம் அதுதான். பிறகு இடைவெளி விழ ஆரம்பித்தது. போன் என் மடியிலேயே இருந்தது. டாக்டரம்மாவின் நம்பரை எடுத்துத் திரையில் வைத்திருந்தேன். இன்னும் ஒரு மூச்சு வரட்டும், அழுத்திவிடலாம் என்று நினைத்தேன். வந்தது. இன்னும் ஒன்று என்று நினைத்தேன். பேசினால் என் குரலும் அதில் பதிவாகிவிடும். எழுந்தால் கட்டில் கிறீச்சிடும்.

நடுவில் அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். உதடு நீலமாக இருந்தது. ஏதோ சொன்னாள். நான் விரலை என் உதட்டில் வைத்து விளக்கைக் காட்டினேன். அவள் விளக்கைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். நான் சொன்னேனே, அவள் ஒரு டேக்கைக்கூடக் கெடுத்ததில்லை.

அதற்குப் பிறகு மூச்சு இருக்கிறது, குறைவாக. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சத்தம் முடிந்த உடனே நிறுத்தக்கூடாது, கடைசியில் அறையின் அமைதியும் கொஞ்சம் பதிவாக வேண்டும் என்று எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. அந்த அமைதியையும் விட்டுவைத்தேன். அப்புறம்தான் விளக்கை அணைத்தேன். அப்புறம்தான் அழுதேன். ஆமாம் மேடம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன்.

அவள் கண் திறந்து சொன்னது என்னவென்று கேட்கிறீர்கள். கம்பெனிக்குக் கொடுக்கும்போது அந்த இடத்தை நான் வெட்டிவிட்டேன். ரெக்கார்டரில் அது இருக்கிறது. ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்டேன். 'மூச்சு வரல அத்தை, டாக்டரைக் கூப்பிடுங்க' என்று இருந்தது. ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாக, திருத்தமாக, வயதுக்கேற்ற பெண்ணின் குரலில்.

நீங்களும் கேட்பீர்கள். கேட்டுவிட்டு அது யாரென்று எனக்குச் சொல்லுங்கள் மேடம். எங்கள் சிட்டு அப்படிப் பேசமாட்டாள்.